அந்த மாத்திரையை வாங்கும் முன்



மருந்துக்கடையில் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாகக் காத்து நிற்கும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைவலி மாத்திரை வாங்க யாரும் அப்படி நிற்பதில்லை. ‘என்னம்மா வேணும்?’ என்று கடைக்காரர் கேட்டதும் குரல் தணிந்துவிடும். ‘அரிப்புக்கு ஏதாவது கிரீம் குடுங்கண்ணே.’ எந்த இடத்தில் அரிப்பு என்று அவர் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. ஒரு ட்யூப் காகிதத்தில் சுற்றப்பட்டுக் கைமாறுகிறது. அது அந்த இடத்துக்கு உரிய மருந்துதானா, எத்தனை நாள் போட வேண்டும், கர்ப்பமாக இருந்தால் போடலாமா என்ற கேள்விகள் எல்லாம் கடை வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இந்த மாதம் அந்தக் கேள்விகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்றையும், அதற்காக நாமே கடையில் வாங்கிக்கொள்ளும் மருந்தையும் பற்றி. இதை வீட்டில் சத்தமாகப் படிக்கத் தயங்குவோர் இருக்கலாம். ஆனால் மகளுக்கும் மருமகளுக்கும் பக்கத்தைத் திருப்பி நீட்டிவிடுங்கள்.

கேண்டிடா என்பது ஒருவகை ஈஸ்ட் பூஞ்சை. அது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும் அழுக்கு அல்ல. நம் வாயிலும் குடலிலும் யோனியிலும் சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. யோனியில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து அதை அளவோடு வைத்திருக்கின்றன. காய்ச்சலுக்கோ பல்வலிக்கோ சாப்பிட்ட ஆன்டிபயாடிக் அந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிட்டால், அல்லது கர்ப்பத்தினாலோ சர்க்கரை நோயாலோ ஸ்டீராய்டு மாத்திரைகளாலோ உடலின் நிலை மாறினால், பூஞ்சை பெருகிவிடும். பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இது ஒழுக்கக் குறைவால் வருவதில்லை. பால்வினை நோய்களின் பட்டியலிலும் சேராது. கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லாவிட்டால் அவருக்குச் சிகிச்சையும் தேவையில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால் எத்தனை வீடுகளில் வீண் சந்தேகம் எழுந்து, எத்தனை பெண்கள் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

வெள்ளைப்படுகிறது என்றாலே ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி மோரும் வெந்தயமும் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். மோர் குடிப்பதில் தவறே இல்லை. ஆனால் அது பூஞ்சையைத் தொடாது. டெட்டால் கலந்த வெந்நீரில் கழுவுவது, வாசனைத் திரவங்களால் உள்ளே அலசுவது, பூண்டு வைப்பது இவையெல்லாம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் தோலை மேலும் புண்ணாக்கும். வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளிப்புறத்தை மட்டும் கழுவினால் போதும்.

சரி, வந்திருப்பது பூஞ்சைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலும் அரிப்புதான் முதலில் வரும், அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு. வெளித்தோல் சிவந்து, சிறுநீர் படும்போது எரியும். திரிந்த தயிர் போலக் கட்டியாக வெள்ளை படும், வாடை பெரிதாக இருக்காது. மெல்லிய சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு படுகிறது என்றால் அது பாக்டீரியாவால் வரும் வேறொரு தொல்லை. மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் மாத்திரையே வேறு. பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் வைத்தாலும் இவை அசையாது.

அறிகுறிகளை இப்படி எழுதிவிடுவது எளிது, ஆனால் உடம்பு இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. அமெரிக்காவில் அட்லாண்டா பகுதியில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. தங்களுக்கு வந்திருப்பது பூஞ்சைதான் என்று தாங்களே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களை அழைத்துப் பரிசோதித்தார்கள். அவர்களில் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தவர்கள் நூற்றுக்கு 34 பேர்தான். மற்றவர்களில் பலருக்கு வேறு தொற்று அல்லது கலப்புத் தொற்று. ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத் தொற்றே இல்லை. முன்பு ஒரு முறை மருத்துவரிடம் காட்டிப் பூஞ்சை என்று தெரிந்துகொண்ட பெண்களும் மற்றவர்களைவிடச் சரியாகக் கணித்துவிடவில்லை. படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள், பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்தவர்கள் எல்லாரும் இதில் தடுமாறுகிறார்கள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். முதல் முறை வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதே தொல்லை அதே மாதிரி மறுபடி வந்தால் கடையில் வாங்கி ஒரு முறை, ஒரே ஒரு முறை, போட்டுப் பாருங்கள். மூன்று நாளில் அரிப்பு தணியத் தொடங்க வேண்டும், ஒரு வாரத்தில் சரியாகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால் இரண்டாவது பெட்டி வாங்காதீர்கள். அது பூஞ்சையாக இல்லாமல் இருக்கலாம், அல்லது வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத கேண்டிடா வகையாக இருக்கலாம். இரண்டில் எது என்பதைப் பஞ்சில் சிறிது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த மருந்துகளுக்குப் பின்னால் பெண்கள் எழுதிய ஒரு வரலாறு உண்டு. நம் இதழில் அதைச் சொல்லாமல் எப்படி விடுவது! மனித உடலுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய முதல் பூஞ்சைக்கொல்லி ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இருவர். இருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்கள். ஹேசன் நியூயார்க் நகரத்தில் நுண்ணுயிர்களை ஆராய்ந்தார், பிரவுன் ஆல்பனி நகரில் வேதியியல் ஆய்வகத்தில் இருந்தார். மண்ணிலிருந்து ஹேசன் வளர்த்தெடுத்த நுண்ணுயிர்களைக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அவற்றிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பால் பண்ணையிலிருந்து எடுத்த மண்ணில்தான் அவர்கள் தேடியது கிடைத்தது. 1950-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். தங்கள் மாநிலத்தின் பெயரால் நிஸ்டாட்டின் என்று அழைத்தார்கள். காப்புரிமைத் தொகையாக வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பணத்தில் இருவரும் தமக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று நாம் அதிகம் பயன்படுத்தும் க்ளோட்ரிமசோலும் ஃப்ளூகோனசோலும் பிறகு வந்த வேறு குடும்பத்து மருந்துகள். என்றாலும் இந்தப் பாதையைத் திறந்தவர்கள் அந்த இருவர்தான்.

இனி அந்த ட்யூப்புக்கு வருவோம். என் கவலையெல்லாம் அதில்தான்.

நம் ஊர்க் கடைகளில் ‘அரிப்பு கிரீம்’ என்று கேட்டால் கிடைப்பவற்றில் பல கலப்பு மருந்துகள். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு. போட்ட அன்றே அரிப்பு நின்றுவிடும். அதனால்தான் அதற்கு அவ்வளவு நல்ல பெயர். ஆனால் அங்கே நடந்தது வேறு. ஸ்டீராய்டு, தொற்றை எதிர்த்துப் போராடும் உடலின் வேலையை அடக்கிவிட்டது. வீக்கமும் சிவப்பும் மறைந்தன, பூஞ்சை மறையவில்லை. நிறுத்திய சில நாளில் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். மறுபடி அதே ட்யூப். பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் தோல் மெலிதானது, மருந்தை வேகமாக உறிஞ்சிவிடும். மாதக்கணக்கில் போட்டால் தோல் இன்னும் மெலிந்து, வரிவரியாக வெடிப்புத் தழும்பு விழுந்து, உடை பட்டாலே எரியும் நிலை வந்துவிடுகிறது. படர்தாமரை இன்று நாடு முழுவதும் அடங்காமல் பரவுவதற்கு இந்தக் கலப்பு கிரீம்களை முக்கியக் காரணமாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். வழக்கமான மருந்துக்குப் பணியாத அந்தப் படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-இல் அறிவியலாளர்கள் வைத்த பெயரிலேயே இந்தியாவின் சாயல் இருக்கிறது: ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே.

தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு விதியை மாற்றியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. அதனால் காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்க வராவிட்டால் கடைக்காரரையே வாசிக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெடசால் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. க்ளோபெடசால் என்ற ஸ்டீராய்டும் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். நினைவிலிருந்து சொல்லாமல் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அல்லது பழைய அட்டையைக் கொண்டு போய்க் காட்டுங்கள். ‘க்ளோட்ரிமசோல் மட்டும் இருக்கிற மருந்து, பிறப்புறுப்பில் வைக்கிற மாத்திரை’ என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டியதையும் தாளிலேயே எழுதி நீட்டலாம்.

வைக்கிற மாத்திரை என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பார்ப்பதற்கு அது மற்ற மாத்திரைகளைப் போலத்தான் இருக்கும். அட்டையிலும் அப்படியே வருகிறது. யாரும் விளக்கிச் சொல்லாததால் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுவோரும் உண்டு. அது யோனிக்குள் வைப்பதற்கு மட்டும். 500 மில்லிகிராம் என்றால் ஒரே ஒரு இரவு, 200 என்றால் மூன்று இரவு, 100 என்றால் ஆறு இரவு. பெட்டிக்குள் வெள்ளை பிளாஸ்டிக் குழல் ஒன்று இருக்கும். இரவு படுக்கப் போகும் முன் கையைக் கழுவிவிட்டு, குழலின் முனையில் மாத்திரையைப் பொருத்தி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு, வலிக்காத அளவுக்கு உள்ளே செலுத்தி, பின்னால் இருக்கும் தண்டை அழுத்தினால் மாத்திரை தங்கிவிடும். குழலை வெளியே எடுத்துவிடலாம். காலையில் வெள்ளையாக மாவு போலக் கொஞ்சம் வெளியே வரும். மருந்து வீணாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், ஒரு நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் லேசாக எரியலாம். எரிச்சல் ஏறிக்கொண்டே போனால், வீங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு நாளில் தொடங்காதீர்கள், மருந்து அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் நாளே அரிப்பு நின்றாலும் எல்லா இரவுக்கும் உள்ளதை முடியுங்கள். வெளித்தோலின் எரிச்சலுக்கு க்ளோட்ரிமசோல் கிரீமை மெல்லிதாகத் தடவலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இந்த மருந்துகள் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும். சிகிச்சை முடிந்து சில நாள் வரை அதை நம்பியிருக்க வேண்டாம்.

திருமணமாகாத பெண்களுக்குக் குழல் வைத்துப் போடும் மருந்தைத் தாங்களாகத் தொடங்கச் சொல்லமாட்டேன். அம்மாக்களே, மகளை அழைத்துக்கொண்டு பெண் மருத்துவரிடம் போங்கள். ‘இதுக்கெல்லாம் டாக்டரா’ என்று கேட்காதீர்கள்.

வைப்பதற்குச் சங்கடப்படுவோர் வாயில் போடும் 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோலைக் கேட்டு வாங்குகிறார்கள். ஒரே மாத்திரை, வேலை முடிந்தது. நல்ல மருந்துதான். ஆனால் கிரீம் போல ஓரிடத்தில் நிற்காமல் இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் போகிறது, கல்லீரலில் மற்ற மருந்துகளின் வழியை மறிக்கிறது. இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபாரின், அசிட்ரோம் போன்றவற்றோடு சேர்ந்தால் இரத்தம் உறையாமல் கசியும் ஆபத்து உண்டு. சர்க்கரைக்கான கிளைமிப்பிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கொழுப்புக்கான சில மாத்திரைகள் இவற்றோடும் மோதும். தினமும் ஏதேனும் மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்றால், எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டிய பிறகே இதை வாங்குங்கள்.

கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோலைத் தாமாக விழுங்கவே கூடாது. கர்ப்ப காலத்தில் பூஞ்சை அடிக்கடி வரும், அதற்கு யோனியில் வைக்கும் மருந்தை ஏழு நாள் கொடுப்பதுதான் வழக்கம். அதையும் மகப்பேறு மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். குழலைத் தவிர்த்து விரலால் வைக்கச் சொல்வதும் உண்டு. பால் கொடுக்கும் தாய்மாரும் கேட்டுவிட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ள தோழியருக்கு இன்னொன்று. இந்த ஐந்தாறு ஆண்டுகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் நம் ஊரில் பரவலாகிவிட்டன. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள் இவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கின்றன. ஆனால் சிறுநீரில் சர்க்கரை போவதால் அந்த இடத்தில் பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலாகிவிடுகிறது. புதிய மாத்திரை தொடங்கிய பிறகு அரிப்பு வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதே தெரியாமல், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பூஞ்சை வந்து, அதற்காகச் சோதித்தபோதுதான் தெரியவந்தவர்களும் இருக்கிறார்கள். அடிக்கடி வருகிறது என்றால் முதலில் சர்க்கரைச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

கைக்குழந்தைகளின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் இதே பூஞ்சை வெள்ளையாகப் படியும். அக்கரம் என்று பாட்டிமார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். துணியால் துடைத்தால் போய்விடுவது பால் படிவு. துடைத்தும் எளிதில் போகாமல், போன இடம் சிவந்திருந்தால் பூஞ்சை. அதற்குத் தேன் தடவாதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் உயிருக்கே ஆபத்தான நச்சைத் தரலாம். போரிக் அமிலம் கலந்த கிளிசரினும் வேண்டாம். பெரியவர்களின் வாய் ஜெல்லைக் குழந்தைக்குத் தடவினால் தொண்டையில் அடைக்கக்கூடும். குழந்தை மருத்துவர் தரும் சொட்டு மருந்து சில நாளில் சரிசெய்துவிடும். தாயின் மார்க்காம்பில் வலியோ அரிப்போ இருந்தால் இருவரும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும்.

ஐம்பதைக் கடந்த தோழியரே, மாதவிலக்கு நின்ற பிறகு பூஞ்சைத் தொற்று வருவது குறைவு. அந்த வயதில் விடாத அரிப்பு இருந்தால் தோல் மெலிந்து வறண்டிருக்கலாம், வேறு தோல் நோயாகவும் இருக்கலாம். கிரீமை மாற்றி மாற்றிப் போட்டுக் காலம் கடத்தாதீர்கள். எந்த வயதானாலும் இரத்தம் கலந்து பட்டாலும், உறவுக்குப் பின் இரத்தம் கசிந்தாலும், அடிவயிற்று வலியோ காய்ச்சலோ புண்ணோ இருந்தாலும் கடைக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த முடியும். அதற்கான பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

பணத்துக்காக யாரும் தயங்க வேண்டாம். வெள்ளைப்படுதலுக்காக அரசு மருத்துவமனைகளில் உள்ள பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த முறைப்படி பச்சை நிறப் பொட்டலம் ஒன்று தருவார்கள். அதில் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமோடு, பாக்டீரியாவுக்கும் டிரைக்கோமோனாஸுக்கும் சேர்த்து வேலை செய்யும் செக்னிடசோலும் இருக்கும். எது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் மூன்றையும் கவனிக்கும் ஏற்பாடு அது. அந்தப் பிரிவின் பெயர்ப் பலகையைப் பார்த்துத் தயங்க வேண்டாம், கேட்ட விவரம் வெளியே போகாது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உங்கள் தெருவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வரும் சுகாதாரத் தன்னார்வலர் ஒரு பெண்தான். எங்கே போக வேண்டும் என்று அவரிடம் கேட்கலாம். முகம் காட்டாமல் கேட்க வேண்டுமென்றால் 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்